மூடியைக் கழற்றிய பிறகு பதம் வந்த ஃபட்ஜ்

ஆறு மணி நேரம் காத்திருந்து நான் கண்ட பலன் ஒரு பாத்திரம் இனிப்புப் பால். மேலே மஞ்சளாக வெண்ணெய் மிதந்தது. ஓரத்தில் மட்டும் லேசாகப் பழுப்பேறியிருந்தது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் தங்குதடையில்லாமல் ஓடியது. ஃபட்ஜ் என்றால் கத்தியால் துண்டு போட வரும் மெத்தென்ற இனிப்பு. இதற்கு அந்தப் பெயரை வைக்க எனக்கே மனம் வரவில்லை.

யோசனை என்னவோ நன்றாகத்தான் இருந்தது. அக்கா புதிதாக ஒன்று வாங்கியதால் தன்னுடைய பழைய ஸ்லோ குக்கரை, அதாவது குறைந்த சூட்டில் மணிக்கணக்காகச் சமைக்கும் மின்பாத்திரத்தை, என்னிடம் தள்ளிவிட்டிருந்தாள். மூன்றரை லிட்டர் கொள்ளளவு, கனமான பீங்கான் பாத்திரம், கண்ணாடி மூடி, லோ, ஹை, வார்ம் என்று மூன்றே நிலைகள். அடுப்பில் ஃபட்ஜ் செய்வதென்றால் பக்கத்திலேயே நின்று கிளற வேண்டும். பதம் தவறினால் அவ்வளவுதான். இதில் சர்க்கரையையும் பாலையும் வெண்ணெயையும் போட்டு மூடிவிட்டுப் போனால் தானாக மெல்ல மெல்ல வற்றிக் கெட்டியாகாதா என்று நினைத்தேன். ஆகாது. விடிய விடிய வைத்திருந்தாலும் ஆகாது.

அடுப்பில் செய்யும் ஃபட்ஜின் உயிர் பாகுப் பதத்தில் இருக்கிறது. நீர் வற்ற வற்றச் சர்க்கரைக் கரைசலின் கொதிநிலை ஏறிக்கொண்டே போகும். 112 முதல் 116 டிகிரி செல்சியஸ் வரை வந்ததும் ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டால், விரல்களுக்கு நடுவே மெத்தென்ற உருண்டையாகத் திரளும். அங்கே இறக்கி, 45 டிகிரி அளவுக்கு அசைக்காமல் ஆறவிட்டு, பிறகு கை ஓயும்வரை அடித்துக் கிளற வேண்டும். அப்போதுதான் சர்க்கரை நாக்குக்குத் தட்டுப்படாத நுண்ணிய படிகங்களாக உறையும். அமெரிக்காவின் வாஸர் கல்லூரி மாணவி ஒருவர் 1888ஆம் ஆண்டு கல்லூரி ஏலத்துக்காக 30 பவுண்டு ஃபட்ஜ் செய்ததாகக் கடிதம் ஒன்றில் எழுதிவைத்திருக்கிறார். ஏறக்குறைய பதின்மூன்றரை கிலோ. அந்தக் கைகளை நினைத்தாலே எனக்குத் தோள்பட்டை வலிக்கிறது.

ஸ்லோ குக்கர் அந்த உயரத்துக்கு ஏறவே ஏறாது. சந்தேகம் தீர, மறுநாள் அதில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, மூடியைப் போட்டு, வெப்பமானியோடு உட்கார்ந்தேன். லோவில் ஒரு மணி நேரத்தில் 48 டிகிரி, இரண்டு மணி நேரத்தில் 63, நான்கு மணி நேரத்தில் 80, எட்டு மணி நேரம் ஆனபோது 91. ஹையில் வைத்தபோதும் போய்ச் சேர்ந்த இடம் கிட்டத்தட்ட அதேதான். சீக்கிரமாகச் சேர்ந்தது, அவ்வளவே. எட்டு மணி நேரத்தில் 85 முதல் 93 டிகிரிக்குள் வந்தால் குக்கர் சரியாக வேலை செய்கிறது என்று பொருள். அந்தக் கணக்கில் அக்காவின் பழைய குக்கருக்கு ஒரு குறையும் இல்லை. என் ஆசையில்தான் குறை. கொதிநிலையையே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிற ஒன்றிடம் பாகுப் பதத்தைக் கேட்டால் அது எங்கே போகும்? போதாக்குறைக்கு மூடி வேறு. ஏறும் ஆவியெல்லாம் கண்ணாடியில் படிந்து, சொட்டி, மறுபடியும் பாத்திரத்துக்கே வந்துவிடுகிறது.

அது அந்தக் கருவியின் பிறவிக் குணம். 1940ல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் இர்விங் நாக்ஸன். இரவெல்லாம் அடுமனைச் சூட்டிலேயே வேகும் பீன்ஸ் குழம்பைப் பற்றி அவருடைய தாயார் சொன்ன கதைதான் தூண்டுதலாக இருந்ததாம். 1971ல் கிராக்-பாட் என்ற பெயரில் வேறொரு நிறுவனம் அதை விற்கத் தொடங்கியபோது வீடுகளுக்குள் நுழைந்தது. பீன்ஸ் வேகத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரை வற்றவிடாமல் காப்பதுதான் இதன் திறமை. எனக்கு வேண்டியதோ வற்றுவது.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொண்டேன். வற்றவைக்கும் வேலையை யாராவது முன்பே முடித்துக் கொடுத்திருந்தால் போதுமே. அதுதான் கண்டென்ஸ்டு மில்க். பாலில் சர்க்கரை சேர்த்து, நீரில் பெரும்பகுதியை நீக்கி, டின்னில் அடைத்தது. எடையில் ஏறக்குறைய 45 சதவீதம் சேர்த்த சர்க்கரை. நீர் 27 சதவீதம் அளவுக்குத்தான் மிச்சம். அதை ஆறவைக்கும்போது பால் சர்க்கரையின் நுண்துகள்களை விதை போலத் தூவுகிறார்கள். அதனால்தான் அவ்வளவு இனிப்பு இருந்தும் நாக்கில் மணல் தட்டுவதில்லை. அதாவது, அடுப்படியில் கை வலிக்க அடித்து வரவழைக்கும் வழவழப்பு டின்னுக்குள் தயாராக இருக்கிறது. கெட்டிப்படுத்தும் வேலை சாக்லேட்டுக்கு. கோகோ வெண்ணெய் 34 டிகிரிக்குப் பக்கத்தில் உருகும். அதற்குக் கீழே ஆறவிட்டால் திரும்பவும் இறுகும். குக்கர் செய்ய வேண்டியது இரண்டையும் சூடேற்றிச் சேர்த்துவைப்பது மட்டுமே.

பாகு காய்ச்சாததால் இது அசல் ஃபட்ஜே ஆகாது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. வாதத்தில் பிழையில்லை. கடித்ததும் பொடிந்து கரையும் அந்தப் பழைய ஃபட்ஜின் நயம் இதற்கு வராது. இது மெழுகு போல மெல்லப் பல்லுக்கு வழிவிடும். எனக்கு இரண்டும் பிடிக்கும். ஆனால் கை வலிக்காதது ஒன்றுதான்.

எடுத்துக்கொண்டவை: 397 கிராம் கண்டென்ஸ்டு மில்க் டின் ஒன்று, 55 சதவீதக் கோகோ உள்ள கறுப்புச் சாக்லேட் 400 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 30 கிராம், வெனிலா எசென்ஸ் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. டின்னை எடுக்கும்போது பெயரை ஒரு முறைக்கு இரு முறை படியுங்கள். எவாப்பரேட்டட் மில்க் என்று பக்கத்திலேயே அதே உயரத்தில் இன்னொன்று நிற்கும். அதில் சர்க்கரை இல்லை, நீர் அதிகம், அது கெட்டியாகாது. சாக்லேட்டிலும் அப்படித்தான். பொருள் பட்டியலில் கோகோ வெண்ணெய் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருந்தால் அதுவும் உறையும்தான், ஆனால் வாயில் மெழுகுத் திரை போலப் படியும். சாக்லேட் சிப்ஸ் சூட்டில் வடிவம் கலையாமல் நிற்பதற்காகவே கொழுப்பைக் குறைத்துச் செய்யப்படுவது, உருகத் தாமதமாகும். கையில் இருந்தால் தாராளமாகப் போடலாம். தேடி வாங்க வேண்டியதில்லை.

முதல் முறை சாக்லேட்டைக் கட்டைவிரல் நகம் அளவுக்கு உடைத்தேன். பாலை ஊற்றி, மேலே சாக்லேட்டையும் வெண்ணெயையும் போட்டு, லோவில் வைத்து மூடினேன். குக்கரோடு வந்த கையேடு அப்படித்தான் சொல்கிறது: மூடியைத் திறக்காதீர்கள், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இருபது முப்பது நிமிடச் சமையல் பின்னுக்குப் போகும். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாக ஒரு மணி நேரம் தொடவே இல்லை. திறந்தபோது மூடியின் உட்புறத்திலிருந்து நீர் கோடு கோடாக வழிந்து உள்ளே விழுந்தது. மேலே கிடந்த சாக்லேட்டில் சொட்டு பட்ட இடமெல்லாம் பளபளப்பு போய், ஈர மண்ணை உருட்டிவைத்தது போல இருந்தது. கிளறினேன். கலவை ஒன்று சேர்ந்தது. அந்தக் கட்டிகள் சேரவில்லை. வடிகட்டியில் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், கரண்டியின் முதுகால் நசுக்கிப் பார்த்தேன். இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் இருந்தும் விரல் வைத்தால் பள்ளம் விழுந்தது. சுவையில் குறையில்லை என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அப்படிச் சொன்னால் வேறு ஏதோ சரியில்லை என்றுதானே பொருள்.

உருகிய சாக்லேட் என்பது கொழுப்புக்குள் கோகோத் துகளும் சர்க்கரைத் துகளும் மிதக்கிற குழம்பு. அதில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போதும், சர்க்கரை அதை உறிஞ்சிப் பிசுபிசுத்து, துகள்களெல்லாம் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இறுகிவிடும். இங்கே எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. டின்னிலேயே நூறு கிராமுக்கு மேல் தண்ணீர் இருக்கிறதே, அது ஏன் சாக்லேட்டைக் கெடுக்கவில்லை? நிறையத் தண்ணீர் இருந்தால் சர்க்கரை கரைந்து அதற்குள் போய்விடும், ஒட்டிக்கொள்ள ஒன்றுமிருக்காது. கெடுப்பது கொஞ்சம் தண்ணீர்தான். பாலோடு கலக்காமல் மேலே தனியாகக் கிடந்த சாக்லேட்டின் தலையில் என் மூடி சொட்டுச் சொட்டாக அந்தக் கொஞ்சத்தைத்தான் ஊற்றியிருக்கிறது. கலந்த பிறகு விழுந்த சொட்டுகள் கட்டியாக்கவில்லை, ஆனால் கலவையை நீர்க்கவைத்தன. இளகிப்போனதற்கு அதுவே காரணம்.

அக்காவிடம் தொலைபேசியில் புலம்பினேன்.

“மூடியைப் போட்டுவிட்டாயா?” என்றாள்.

“மூடாமல் எப்படி அக்கா சமைப்பது?”

“நீ எங்கே சமைக்கிறாய்? உருக்கத்தானே செய்கிறாய்?”

இந்த ஒரு வாக்கியத்தைக் குக்கரைத் தரும்போதே கையேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கலாம். மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு துணியை இழுத்துக் கட்டினால் சொட்டை அது வாங்கிக்கொள்ளும் என்றும் சொன்னாள். சிலர் அப்படிச் செய்கிறார்கள். துணியின் நுனி சூடான வெளிப்புறத்தில் பட்டுத் தொங்குமே என்ற கவலை எனக்கு. மேலும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கிளறப் போகிற பாத்திரத்துக்குத் துணி கட்டி அவிழ்ப்பது வீண் வேலை. மூடியை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன்.

அடுத்த முறை மூடி இல்லை; பொறுமையும் இல்லை. மாலைக்குள் வெட்டியாக வேண்டியிருந்ததால் ஹையில் வைத்தேன். சாக்லேட் பாதி உருகும்வரை பக்கத்தில்தான் நின்றேன். பிறகு ஒரு வேலையாக வெளியே போய்த் திரும்ப இருபத்தைந்து நிமிடமாயிற்று. அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். என் கை பாத்திரத்துக்குள் நுழைந்தபோது காரியம் கெட்டிருந்தது. ஓரம் முழுக்கக் கருத்த வளையம். நடுவில் கலவை களிமண் போலத் திரண்டிருக்க, அதைச் சுற்றி எண்ணெய் பளபளவென்று தேங்கி நின்றது. கிளறக் கிளற எண்ணெய் இன்னும் கசிந்ததே தவிர உள்ளே போகவில்லை.

இதைப் பார்த்ததும் எவருக்கும் எண்ணெயைக் கரண்டியால் எடுத்துக் கொட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது. நல்லவேளையாகச் செய்யவில்லை. அந்த எண்ணெயில் பாதிக்கு மேல் கோகோ வெண்ணெய். ஃபட்ஜைக் கெட்டியாக நிறுத்தப் போகிறதே அதுதான். அது பிரிந்ததற்குக் காரணம், கொழுப்பைத் துளித்துளியாகத் தாங்கிப் பிடித்திருந்த நீர் குறைந்துபோனது. ஹைச் சூட்டில், திறந்த பாத்திரத்தில், கிளறவும் ஆளில்லாமல் நீர் ஆவியாகிக்கொண்டே இருந்திருக்கிறது. குக்கரை அணைத்தேன். கருத்த வளையத்தைத் தொடாமல் நடுப்பகுதியை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றினேன். வெதுவெதுப்பான பாலை ஒரு மேசைக்கரண்டி விட்டு வேகமாகக் கிளறினேன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது கரண்டிக்குப் பிறகு களிமண் தளர்ந்தது; எண்ணெய் குறையத் தொடங்கியது. மூன்றாவது கரண்டியில் அத்தனை எண்ணெயும் உள்ளே போய், கலவை கண்ணாடி போல மின்னியது. முந்தைய வாரம் எந்தத் தண்ணீரைத் திட்டித் தீர்த்தேனோ, அதையே பால் என்ற பெயரில் கையால் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பிரிந்த கலவைக்குக் குளிர்ந்த பாலை விடாதீர்கள். கொழுப்பு அங்கங்கே உறைந்து நின்றுவிடும். மொத்தமாகவும் ஊற்றாதீர்கள். ஒவ்வொரு கரண்டிக்கும் பிறகு அரை நிமிடமாவது கிளறிப் பார்த்த பிறகுதான் அடுத்தது. சேர்ந்துவிட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கூடுதலாக விட்ட பால் மறுநாள் வெட்டும்போது கத்தியில் ஒட்டிக்கொண்டு கணக்குக் கேட்கும்.

அந்தக் கருத்த வளையம் எனக்கு வேறொன்றையும் சொல்லிக்கொடுத்தது. அடுப்பில் வைத்தால் அடி பிடிக்கும். ஸ்லோ குக்கரில் ஓரம் பிடிக்கும். சூடேற்றும் பட்டை பெரும்பாலும் பாத்திரத்தின் பக்கச் சுவரைச் சுற்றியே ஓடுகிறது. கிளறும்போது கை பழக்கத்தில் அடியைத்தான் தேடுகிறது. அதை மாற்றிக்கொண்டேன்: முதலில் சிலிக்கான் கரண்டியால் சுவரை ஒரு சுற்று வழிப்பது, பிறகு அடி, அதன் பிறகு நடுவை மடித்துக் கலப்பது. முட்டை அடிக்கிற கம்பிக் கரண்டி வேண்டாம். காற்றுக் குமிழிகள் சிக்கி, வெட்டிய முகத்தில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். பெரிய குக்கர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஆறு லிட்டர் பாத்திரத்தில் ஒரு டின் பாலை ஊற்றினால் மெல்லிய ஏடாகப் பரவும், ஓரம் சீக்கிரம் கருகும். அதில் செய்வதென்றால் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்குவதே நல்லது.

மூன்றாவது முறை தராசையும் வெப்பமானியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். காலிப் பாத்திரத்தின் எடையைக் குறித்தேன். இம்முறை சாக்லேட்டை இன்னும் சிறிதாக, பருப்பு அளவுக்கு நறுக்கிப் பாலோடு முதலிலேயே புரட்டிவிட்டேன். வெண்ணெய், உப்பு. லோ. மூடி அலமாரியில்.

பத்தாம் நிமிடத்தில் 31 டிகிரி. பார்க்க ஒரு மாற்றமும் இல்லை, கிளறியபோது பால் மட்டும் கொஞ்சம் இளகியிருந்தது. இருபதாம் நிமிடத்தில் 40. சாக்லேட்டின் முனைகள் மழுங்கிப் பழுப்புக் கோடுகள் ஓடின. முப்பதாம் நிமிடத்தில் 49. கட்டி எதுவும் தெரியவில்லை. இத்துடன் முடித்துவிடலாம் என்று கை துறுதுறுத்தது. ஆனால் கரண்டியைத் தூக்கிப் பார்த்தால் கலவையின் மேல் மினுமினுப்பு வரவில்லை, உற்றுப் பார்த்தால் பொடிப்பொடியாக ஏதோ இருந்தது. நாற்பதாம் நிமிடத்தில் 57. மினுமினுப்பு வந்தது. ஐம்பதாம் நிமிடத்தில் 63. கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் மூன்று விநாடி நின்று பிறகு மூடிக்கொண்டது, சுவரை வழித்தால் கலவை பாளமாகக் கழன்று வந்தது. இதுதான் பதம். 70 டிகிரியைத் தாண்ட நான் விடுவதில்லை. வெப்பமானி இல்லாதவர்கள் அந்த மூன்று விநாடிக் கோட்டை நம்பலாம். நானும் இப்போது அதைத்தான் நம்புகிறேன், வெப்பமானி இழுப்பறைக்குள் போய்விட்டது.

அணைத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. பீங்கான் சூட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். சுற்றியுள்ள கூடும் சூடாகவே இருக்கும். உடனே பாத்திரத்தைக் கையுறையோடு வெளியே தூக்கி, உலர்ந்த மரப்பலகை மேல் வைத்து, வெனிலாவைக் கலந்து, தாமதிக்காமல் அச்சுத் தட்டில் ஊற்றிவிட வேண்டும். ஈரமான கல் மேடையில் அந்தப் பாத்திரத்தை வைக்காதீர்கள். திடீர்க் குளிர்ச்சியில் பீங்கான் விரிசல் விட்டுவிடும்.

ஊற்றிய பிறகு எடை போட்டேன். வெனிலாவரை எல்லாம் சேர்த்து உள்ளே போனது 832 கிராம். தட்டில் விழுந்தது 783. பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது 20. மிச்சம் 29 கிராம் ஆவியாகப் போயிருக்கிறது. ஏறக்குறைய ஆறு தேக்கரண்டித் தண்ணீர். மூடி போட்டிருந்தால் அந்த ஆறு கரண்டியும் திரும்ப உள்ளேதான் விழுந்திருக்கும். ஹையில் விட்டுவிட்டுப் போன அன்றைக்கு எடை போடவில்லை, ஆனால் திரும்ப ஊற்றிய மூன்று மேசைக்கரண்டிப் பால் ஓரளவுக்கு விடை சொல்கிறது. ஃபட்ஜ் இறுகுவதும் இளகுவதும் பிரிவதும் இந்தச் சில கரண்டிகளுக்குள்ளேயே இருக்கிறது.

தட்டு விஷயத்திலும் ஒரு முறை ஏமாந்தேன். முதலில் 20 சென்டிமீட்டர்ச் சதுரத் தட்டை எடுத்திருந்தேன். ஃபட்ஜ் ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒடுங்கிக் கிடந்தது, துண்டுகளைப் பார்த்தால் சாக்லேட் பட்டையை உடைத்துவைத்தது போல இருந்தது. இப்போது 15 சென்டிமீட்டர்த் தட்டு. உயரம் இரண்டரைக்குக் கொஞ்சம் மேல் வருகிறது. ஆறுக்கு ஆறாக வெட்டினால் கிட்டத்தட்ட சதுரக் கட்டிகள், முப்பத்தாறு. பட்டர் பேப்பரை இரண்டு பக்கமும் வெளியே நீளும்படி விரித்தால், உறைந்ததும் காதைப் பிடித்துத் தூக்குவது போலத் தூக்கிவிடலாம். தட்டை மேசையில் இரண்டு முறை தட்டிச் சமன் செய்து, அறைச் சூட்டுக்கு ஆறிய பிறகே ஃபிரிட்ஜில் வைக்கிறேன். நான்கு மணி நேரம் போதும் என்றாலும் இரவு முழுவதும் இருந்தால் விளிம்பு கூர்மையாக வெட்டுப்படும்.

வெட்டுவதற்குக் கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து, அறுக்காமல் நேராக அழுத்த வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்க வேண்டும். சலிப்பான வேலைதான். துடைக்கும் துணியில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் வெட்டு முகத்தில் வெளுத்த கோடுகள் விழும்; விருந்தினர்க்கு வைப்பதாக இருந்தால் மட்டும் இதைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

கொட்டைகள் சேர்ப்பதென்றால் 120 கிராம் அளவுக்கு வறுத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே, பாத்திரத்தை வெளியே எடுத்த பிறகு கலக்குகிறேன். குளிர்ந்தவற்றைக் கொட்டினால் அவற்றைச் சுற்றிக் கலவை உடனே இறுகி, தட்டில் பரப்புவது சிரமமாகிவிடும். வறுக்காமல் போட்டால் நான்கு நாளில் நமுத்துவிடும். உடனடிக் காப்பித்தூள் ஒரு தேக்கரண்டி சேர்த்தபோது காப்பி வாசனை வரவில்லை. சாக்லேட்டின் கசப்பு ஆழமாயிற்று. இப்போது அது இல்லாமல் செய்வதில்லை.

இந்தத் தன்னம்பிக்கையில் வெள்ளைச் சாக்லேட்டைத் தொட்டேன். அதே அளவு, 400 கிராம். பதம் வந்தது போலத்தான் இருந்தது, ஆனால் மறுநாள் காலையில் தட்டைச் சாய்த்தால் அதுவும் கூடவே சாய்ந்தது. வெள்ளைச் சாக்லேட்டில் கோகோ வெண்ணெய் உண்டு, கோகோத் துகள் கிடையாது. நீரைக் குடித்துக் கலவைக்கு உடம்பு கொடுப்பவை அந்தத் துகள்கள்தான். அவை இல்லாத இடத்தில் சாக்லேட்டின் அளவைக் கூட்ட வேண்டும். ஒரு டின் பாலுக்கு 600 கிராம் போட்ட பிறகுதான் எனக்கு நின்றது. பால் சாக்லேட்டுக்கு 500. வெள்ளை சூட்டையும் தாங்காது. கறுப்புக்கு ஐம்பது நிமிடம் என்றால் இதற்கு முப்பத்தைந்திலேயே கண்ணை எடுக்கக் கூடாது. ஓரத்தில் மஞ்சள் தட்டினால் உடனே இறக்குங்கள். சாய்ந்துபோன முதல் தட்டு வீணாகவில்லை. ஒரு புட்டியில் வழித்து வைத்தோம், ஐஸ்கிரீம் மேல் ஊற்றியே தீர்ந்துபோனது. வெட்ட வந்த வெள்ளை ஃபட்ஜைவிட அதற்குத்தான் வீட்டில் ஆதரவு அதிகம் என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

காற்றுப் புகாத டப்பாவில், அடுக்குக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்து, ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் வைத்திருக்கிறேன்; உறைபெட்டியில் மூன்று மாதம் வரை தாங்கும். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறந்துவிடாதீர்கள். குளிர்ந்த ஃபட்ஜின் மேல் காற்றிலுள்ள ஈரம் படிந்து, சர்க்கரை கரைந்து, பிசுபிசுத்துவிடும். மூடிய டப்பாவை அரை மணி நேரம் வெளியே வைத்துத் திறந்தால் உலர்ந்த முகத்தோடு இருக்கும். இந்த ஓரிடத்தில் மட்டும் மூடி எனக்கு நண்பன்.

பாத்திரம் கழுவுவதில் ஓர் எச்சரிக்கை. ஒட்டியிருக்கும் சாக்லேட்டை நேராகத் தொட்டியில் கழுவிவிட்டால் கொழுப்பு குழாய்க்குள் போய் உறையும். முதலில் கரண்டியால் வழித்து, காகிதத்தால் துடைத்து, பாத்திரம் ஆறிய பிறகு வெந்நீர் ஊற்றுங்கள். நான் அதற்கும் முன்னால் ஒன்று செய்கிறேன். எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சூடாக இருக்கும் பாத்திரத்தில் ஒரு தம்ளர் சூடான பாலை ஊற்றிச் சுவர் முழுக்க வழித்துக் கலக்குகிறேன். எடைக் கணக்கில் ஒட்டிக்கொண்டதாகக் குறித்த அந்த 20 கிராமும் அதில் கரைந்துவிடுகிறது. தட்டு உறைய இன்னும் நான்கு மணி நேரம் இருக்கிறது. தம்ளர் அதற்குள் காலியாகிவிடும்.